உமர்கோட்டின் வலது கைப் பக்கம்

ஒரு டீச்சர் ஒரு ஆயாவின்மேல் பொறாமைப்படலாமா என்று கேட்டால், கூடாதுதான். நான் பட்டேன். அவள் ரங்கூனில் இருந்த மூன்று வருஷமும் பட்டேன். கப்பலேறிப் போன பிறகும் அது என்னை விடவில்லை. இத்தனை வயதாகி இதை எழுத உட்கார்ந்திருக்கும்போதும், அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வரும் இடத்திலெல்லாம் பேனா கொஞ்சம் தயங்குகிறது.

ஆயாம்மா என்றுதான் ரங்கூனின் அலோன் பேட்டையில் எல்லோரும் கூப்பிட்டோம். அரிசி மில் துரை ஒருவரின் பங்களாவில் குழந்தை பார்க்கும் வேலை. ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்திருக்கும், சபைப் பதிவில் தேடினால் கிடைத்திருக்கும். நான் தேடவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். குட்டை உருவம், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, காலில் பர்மியச் செருப்பு. தமிழும், துரை வீட்டு இங்கிலீஷும், கடைத்தெரு பர்மாவும் கலந்து பேசுவாள். எழுதப் படிக்கத் தெரியாது.

அவளிடம் ஒரு வழக்கம். எங்கே போனாலும் முதலில் வலது உள்ளங்கையை எதன்மேலாவது வைப்பாள். கோயில் தூண், பள்ளிக்கூடச் சுவர், டிராமின் மரச்சட்டம், எதுவானாலும் சரி. வைத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பாள். எங்கள் பள்ளியில் புதிதாகக் கட்டிய வராந்தாவுக்கு முதல் தடவை வந்தபோது சுவரில் கை வைத்து, "இன்னும் ஈரம் காயல டீச்சரம்மா. பெஞ்ச சுவத்தோட ஒட்டிப் போடாதீங்க" என்றாள். கட்டிட மேஸ்திரிக்குத் தெரியாததா இவளுக்குத் தெரியும் என்று நான் சிரித்துவிட்டேன். அந்த மழைக்காலத்தில் பெஞ்சுகளின் முதுகெல்லாம் பூஞ்சை பூத்தது. என் எரிச்சல் அங்கேதான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

நான் மிஷன் பள்ளியில் படித்து அதே பள்ளியில் டீச்சரானவள். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. பிறந்ததும் வளர்ந்ததும் ரங்கூன். அதைத் தாண்டிப் போனது, ஒரு கல்யாணத்துக்காக ரயிலில் பெகூ வரை. ஆனால் என் பாடம் பூகோளம். சுவரில் தொங்கிய தேசப்படத்தில் எங்கே குச்சியை வைத்தாலும் ஊர்ப்பெயர் சொல்வேன். பம்பாய் ராஜதானியின் வடக்குக் கோடியில், சிந்துப் பகுதியில், தார் பாலைவனம் ஒரு ஜில்லாவாகவே இருக்கிறது. அதில் உமர்கோட் என்று ஒரு பழைய செங்கல் கோட்டை. ராஜ்யத்தை இழந்து ஓடிவந்த ஒரு டில்லி பாதுஷா அங்கே தஞ்சம் புகுந்தபோதுதான் அவர் மகன், பின்னால் இந்தியாவையே ஆண்ட சக்கரவர்த்தி, பிறந்தார். அலோனில் இதெல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயாம்மா அந்த ஜில்லாவில் இரண்டு வருஷம் குடியிருந்தவள். அவளுடைய பழைய துரை அங்கே கால்வாய் இன்ஜினியர். அவள் புருஷன் அதே வீட்டில் பட்லர்.

மத்தியானத்தில் துரை வீட்டுக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு எங்கள் பள்ளி வளவு மரத்தடிக்கு வருவாள். காலையில் நான் குச்சியும் கையுமாகப் பாலைவனம் நடத்தும்போது கொட்டாவி விட்ட அதே பிள்ளைகள், சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடுவார்கள்.

"அங்க கெணத்துல எட்டிப் பாத்தா தண்ணி தெரியாது, கண்ணுங்களா. கயித்த ஒட்டகத்து மேல கட்டி ஓட்டுவாங்க. ஒட்டகம் அந்தா, அந்தப் படகுத்துறை வரைக்கும் போய் நின்னாத்தான் வாளி மேல வரும். வந்த தண்ணியும் உப்பு. மொத வாய் குடிச்சப்ப எனக்கு அழுகையே வந்திடுச்சு."

"நெஜமாவே போனீங்களா ஆயாம்மா?"

"நின்னு பாத்த எடம்டி."

அதுதான் அவள் முத்திரை. எதைச் சொன்னாலும் கடைசியில் 'நின்னு பாத்த எடம்' என்று முடிப்பாள். எனக்கு உடம்பெல்லாம் எரியும். நான் நின்று பார்த்த இடம் என்று சொல்ல எனக்கு என்ன இருந்தது, பெகூ ரயிலடியா? ஷ்வேடகோன் பகோடாவைக்கூடப் பிறந்தது முதல் தெருவிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். மிஷன் பெண்கள் அங்கெல்லாம் ஏறுவதில்லை. இவள் வந்த மூன்றாம் மாதமே செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்து வீட்டு டோ செய்ன் என்ற பர்மியக் கிழவியோடு மேலே போய்விட்டு வந்தாள். "படிக்கல்லு வெயில்ல கொதிக்குது, ஓரமா நெழல்ல ஏறணும் டீச்சரம்மா" என்று எனக்கு வழி வேறு சொன்னாள், நான் பிறந்த ஊரில்.

இதெல்லாம் சில்லறை எரிச்சல். கோட்டை விஷயம் வேறு.

தாய்நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு துரை, எங்கள் சபைக்கு ஒரு மாயவிளக்கும் கண்ணாடிப் படப் பெட்டி ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணாடித் துண்டில் உள்ள படத்தை விளக்கு வெளிச்சத்தில் காட்டினால் எதிரே வெள்ளைத் துணியில் பெரிதாக விழும். பெட்டியில் இருபத்து நான்கு படங்கள், எல்லாம் அந்தப் பாலைவன ஜில்லாவின் கோட்டைகளும் கிணறுகளும் கோயில்களும். கூடவே ஒரு விளக்கப் புத்தகம் இங்கிலீஷில். எங்கள் சபைக் குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். அவர் பெட்டியை என்னிடம் கொடுத்து, "பூகோளம் உன் இலாகா அல்லவா? தமிழில் நீயே சொல்லிவிடு" என்றார். அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மழைக்காலம். கண்ணாடிகளில் பூஞ்சை படர்ந்திருந்தது. மெல்லிய துணியை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் பொட்டு அளவு வட்டக் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. அதிலும் பூஞ்சை. கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு என்று நினைத்து இருபத்து நான்கையும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். படங்கள் பளபளவென்று ஆயின. என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

படம் காட்டப்போகிறோம் என்று தெரிந்ததும் ஆயாம்மா என் வீட்டுக்கே வந்துவிட்டாள். வாசற்கதவின் சட்டத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உமர்கோட் கோட்டப் படம் இருக்கா டீச்சரம்மா? உள்ள ஒசரமா ஒரு கொத்தளம், மேல ஏறப் படி?"

இருக்கிறது என்றேன். ஏன் என்று கேட்டேன். அன்றைக்குத்தான் சொன்னாள்.

அந்த ஜில்லாவை விட்டுப் புறப்பட்டு வரும் வழியில் உமர்கோட்டில் மூன்று நாள் தங்கியிருக்கிறார்கள். மூன்று நாளும் புழுதிக் காற்று. வானம் செங்கல் நிறம், சூரியனைக் கண்ணால் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் அவள் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். கோட்டைக்கு வெளியே மணலில் புதைத்து, தலைமாட்டில் ஒரு கல்லை நட்டு, சமையல் கத்தியால் அதில் சிலுவை கீறினாளாம். மறுநாள் விடிந்ததும் புறப்பாடு.

"பொறப்படறதுக்கு முன்ன ஒரு வாட்டி அவரப் பாக்கணும்னு தொர வீட்டுக் கொழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டுக் கொத்தளத்து மேல ஏறினேன். கண்ணெல்லாம் மண்ணு, படி தெரியல. வலது கைய சுவத்துல வச்சுத் தடவித் தடவி ஏறினேன். மேல நின்னா அந்த வலது கைப் பக்கம்தான் அவரு. கோட்டச் சுவத்துக்கு அந்தாண்ட, மணல் மேட்டடியில. இடது பக்கமும் அதே மாதிரி ஒரு மேடு இருக்கு. கைய வச்சுத்தான் எனக்கு அடையாளம்."

இப்போது மில் துரையின் மைத்துனருக்கு அதே ஜில்லாவில் கால்வாய் உத்தியோகம். அவர் சம்சாரம் தன் பிள்ளைக்கு ஆயாவாக இவளைக் கேட்டிருக்கிறாள். இரண்டு மாதத்தில் கப்பல். போகும் வழியில் உமர்கோட்டில் ஒரு பகல் தங்குவார்கள், அவ்வளவுதான். அங்கிருந்து கால்வாய் பங்களா வெகு தூரம்.

"ஒரு பகல்ல கண்டுபிடிச்சாகணும் டீச்சரம்மா. மணலு நகந்துக்கிட்டே இருக்கும். பத்து வருஷம் ஆச்சு. அதான் படத்துல ஒரு தரம் பாத்து வச்சுக்கிட்டா நல்லதுன்னு."

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மறுபடியும் போகப்போகிறாளே என்று நினைத்தேன். புருஷனைப் புதைத்த கதையைக் கேட்டுவிட்டு எனக்கு வந்தது அந்த நினைப்புத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்டபத்தின் ஜன்னல்களில் கம்பளி மாட்டி இருட்டாக்கினோம். கார்பைட் விளக்கின் நெடி மூக்கை அரித்தது. கண்ணாடியைத் தலைகீழாகச் செருகினால் துணியில் நேராக விழும் என்பது வரை எனக்குத் தெரியும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சலவைக்கல் ஜைனக் கோயில் வந்தது. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தியது என்றேன். "உள்ள கல்லுல கன்னத்த வச்சா ஜில்லுனு இருக்கும்" என்று இருட்டிலிருந்து ஒரு குரல். பாதுஷா மகன் பிறந்த இடம் வந்தது. பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் பரிசு கொடுக்கக் கையில் ஒன்றுமில்லாத பாதுஷா, தன்னிடமிருந்த கஸ்தூரியை உடைத்துக் கூட இருந்தவர்களுக்குப் பகிர்ந்தார், இந்த வாசனை போல் என் மகன் புகழ் பரவட்டும் என்றார் என்று உருக்கமாகச் சொன்னேன். இரண்டு நாளாக முகக்கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த இடம் அது.

"கஸ்தூரி இருக்கட்டும். அந்த உப்புக் கெணத்துல பெத்தவளுக்கு யாரு தண்ணி மொண்டு குடுத்தா?"

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தது. ஐயரும் சிரித்தார். கோபத்தோடு விளக்கிலிருந்த கண்ணாடியை உருவினேன். அடுத்த கண்ணாடியைச் செருகினேன். கோட்டையின் கொத்தளம் வந்தது, நீளமான செங்கல் படியோடு.

ஆயாம்மா எழுந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே முன்னால் நடந்துபோய், வெள்ளைத் துணியில் வலது கையை வைத்தாள். அவள் நிழல் கோட்டையை மறைத்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இடது கையை வைத்துப் பார்த்தாள்.

"சுவரு இந்தப் பக்கம் இல்ல டீச்சரம்மா. படி ஏறுனா வலது பக்கம்ல சுவரு. இது இடது பக்கமா இருக்கு."

"ஆயாம்மா, இது போட்டோ. கோட்டைக்கு முன்னாடி நின்னு பிடிச்ச போட்டோ. அது பொய் சொல்லாது. உங்களுக்குத்தான் ஞாபகம் தப்பியிருக்கும்," என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "நின்னு பாத்த எடம்னு சொல்றவங்க சரியா நின்னு பாத்திருக்கணும்" என்றும் சேர்த்தேன்.

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தது எனக்காக. அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் படங்களைப் பெட்டியில் அடுக்கும்போது, மூடியின் உள்துணி ஈரத்தில் பிரிந்து தொங்கியது. அதன் அடியில் அச்சிட்ட காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. படத்தை நேராகப் பார்க்கும்போது வட்டக் காகிதம் இடது கீழ் மூலையில் இருக்க வேண்டும். அந்த மூலையைக் கட்டைவிரலால் பிடித்துத் தலைகீழாக்கிச் செருக வேண்டும். முகம் மாறினால் படம் இடம் வலமாகிவிடும். இரண்டு தரம் படித்தேன். கோட்டைக் கண்ணாடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நான் சுரண்டிய பொட்டின் பசைத் தடம் மங்கலாக வட்டமாகத் தெரிந்தது. அன்று காட்டிய வாக்கில் பிடித்தால் தடம் வலது மூலையில் இருந்தது. படியடியில் நின்ற காவல்காரனின் கத்தியும், இடது இடுப்பில் தொங்க வேண்டியது, வலது இடுப்பில் தொங்கியது. கண்ணாடியை முகம் திருப்பினேன். கத்தி இடுப்பின் இடது பக்கம் போனது. சுவர் வலது பக்கம் வந்தது.

அவள் சொன்னது சரி. பத்து வருஷத்துக்கு முன் கண்ணில் மண்ணோடு ஒரே ஒரு தரம் ஏறியவளின் கை சரி, புத்தகமும் விளக்கும் கையுமாக நின்ற நான் தப்பு. இதைத் தெரிந்துகொள்ள வேறு யாருக்கும் வழியில்லை, பொட்டுகளை நானே சுரண்டியாகிவிட்டது. அந்தக் காகிதத்தைக் கிழிக்கவில்லை. உள்துணியை மட்டும் பசை தடவித் திரும்ப ஒட்டிவிட்டேன்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன் அவள் வந்தாள். எப்போதும் வெற்றிலை மெல்லும் வாய் அன்று வெறுமையாக இருந்தது. வாசற்சட்டத்தில் கை வைக்கவில்லை, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"ரெண்டு மாசமா யோசன பண்றேன் டீச்சரம்மா. வலதுன்னுதான் கை சொல்லுது. ஆனா கொழந்த எந்த இடுப்புல இருந்துச்சுன்னே இப்ப கொழப்பமாயிடுச்சு. அன்னிக்குப் புத்தியே எனக்கு நெதானத்துல இல்ல. நீங்க படிச்சவங்க. படத்துல நல்லாப் பாத்திருப்பீங்க. இடதுதானா?"

கண்ணாடிப் பெட்டி என் பின்னால் மேசையின்மேல்தான் இருந்தது. எடுத்துத் திருப்பிக் காட்ட ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

"இடதுதான்," என்றேன்.

ஏன் சொன்னேன்? தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் இந்தக் காகிதமே சிரிக்கும். என்னிடம் அவள் எதையாவது கேட்டு நின்றது அதுதான் முதல் தடவை. நான் சொல்வதை அவள் நம்பினாள். அந்த ருசியை விட மனம் வரவில்லை. அங்கே போனால் தானே தெரிந்துகொள்வாள், அதற்கு நான் எதற்கு என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

"அப்போ இடது பக்கமே போயிடறேன். படி ஏறி நேரத்த வீணாக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாள். உள்ளங்கை சொரசொரப்பாக, சூடாக இருந்தது. "நல்லவேள, நீங்க இருந்தீங்க" என்றாள்.

ஐந்தாவது மாதம் ஐயருக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த வீட்டுச் சமையல்காரர் ஒரு மதராஸ்காரர், அவள் சொல்லச் சொல்ல எழுதியிருந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயர் அதைச் சபைக்கு வாசித்தார். நான் இரண்டாம் பெஞ்சில் இருந்தேன்.

விடிந்ததும் இரண்டு கூலியாளோடு இடது பக்க மேட்டுக்குப் போனாளாம். மத்தியானம் வரைக்கும் தோண்டிப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. மணல் கொண்டுபோய்விட்டது என்று உட்கார்ந்து அழுதாளாம். ஒட்டக வண்டி பூட்டும் நேரத்தில், கையிலிருந்த குழந்தை கோட்டை மேலே ஏற வேண்டும் என்று அடம் பிடித்தது. தூக்கிக்கொண்டு ஏறினாள். ஐயர் அந்த இடத்தில் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"கை தானாகப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. பார்த்தால் வலது கை. மேலே நின்று அந்தப் பக்கம் பார்த்தேன். மேட்டடியில் கல்லின் முனை மாத்திரம் நாலு விரல் அளவு தெரிந்தது. இறங்கிப் போக நேரமில்லை. துரைசானியம்மா கூப்பிட்டுவிட்டார்கள். பத்து வருஷம் முன்னே பார்த்த மாதிரியே மேலேயிருந்து பார்த்துவிட்டு வந்தேன். கிட்டப் போய்த் தொடத்தான் கிடைக்கவில்லை. டீச்சரம்மாவிடம் படம் திரும்பியிருக்கிறது என்று சொல்லுங்கள், பிள்ளைகளுக்குத் தப்பாகப் போகக்கூடாது. அவர்களை யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். பாவம், அவர்கள் நின்று பார்த்ததில்லையே, அவர்களுக்கு எப்படித் தெரியும்?"

சபையே திரும்பி என்னைப் பார்த்தது. ஒருவர் முகத்திலும் குற்றம் சாட்டும் பார்வை இல்லை. "டீச்சர் என்ன பண்ணுவாங்க, பாவம்" என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் சொன்னாள். ஐயர் என்னைப் பார்த்து அன்பாகத் தலையை ஆட்டினார். எனக்கு அப்போதே தெரியும் என்று எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

அன்று மத்தியானம் வட்டமாக ஒரு காகிதம் வெட்டி, கோட்டைப் படத்தின் சரியான மூலையில் ஒட்டினேன். அதன்பின் எத்தனையோ தரம் அந்தப் படங்களைக் காட்டியிருக்கிறேன். பாதுஷாவின் கஸ்தூரிக் கதையை யாரும் கேட்பதில்லை. கொத்தளம் துணியில் விழுந்ததும் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, "நம்ம ஆயாம்மா கை வச்ச சுவரு" என்பார்கள். "ஆமாம்தானே டீச்சர்?" என்று என்னையும் கேட்பார்கள். நான் விளக்குக்குப் பின்னால் இருட்டில் நின்றுகொண்டு ஆமாம் என்பேன்.